கவரில் கோட்டை விடுவது: இசைக்கலைஞர்கள் போஸ்டரிலும் தம்ப்நெயிலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1940 வாக்கு வரைக்கும் இசைத்தட்டு வாங்கினால் பெரும்பாலும் பழுப்புக் காகித உறையில்தான் கிடைக்கும். கடையில் ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் உள்ள வித்தியாசம் எழுத்தில் மட்டும். கொலம்பியா ரெக்கார்ட்ஸில் கலை இயக்குநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான், மேலே படம் வரைந்தால் ஆட்கள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள் என்று நிர்வாகத்திடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். பிறகு எல்பி என்ற நீண்ட நேர இசைத்தட்டு வந்தபோது உறைக்கு 12 அங்குலம் கிடைத்தது. சிடி வந்தபோது 12 சென்டிமீட்டர். இப்போது போனில் கட்டைவிரல் நகம் அளவு.

இடம்தான் சுருங்கியது, வேலை அதேதான். உங்கள் குரலை ஒருமுறைகூடக் கேட்டிராத ஒருவர், விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது, ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும். இன்று வருகிற கவர்களிலும் போஸ்டர்களிலும் பாதிக்கு மேல் அந்த முன்பின் தெரியாத ஆளை மறந்துவிட்டுச் செய்தவை. பாடியவருக்குப் பிடித்திருக்கிறது, வீட்டாருக்குப் பிடித்திருக்கிறது, ஸ்பான்சருக்குப் பிடித்திருக்கிறது. கேட்க வேண்டியவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

பெரிய மானிட்டரில் செய்து சின்ன போனில் விடுவது

ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு 3000-க்கு 3000 பிக்சல் சதுரப் படம் கேட்பார்கள். அவ்வளவு பெரிய கேன்வாஸைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். பாடகர் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், மிக்ஸிங் செய்தவர், லேபிள் லோகோ, கீழே சாய்வெழுத்தில் ஒரு கவித்துவ வரி. மானிட்டரில் ஜோராக இருக்கும். பிளேலிஸ்டில் அத்தனையும் தூசு.

பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் ஆப்பே பக்கத்தில் எழுதிக் காட்டுகிறது. அதையே படத்துக்குள் இன்னொரு முறை திணிக்க வேண்டியதில்லை. பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1973 ஆல்பம் ஒன்றின் முன் உறையில் குழுவின் பெயரும் கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. கறுப்பில் ஒரு முப்பட்டகமும் ஒளிக்கற்றையும்தான். அவர்கள் அப்போதே பிரபலம் என்பீர்கள். சரிதான். ஆனால் பக்கத்திலேயே பெயரை எழுதிக் காட்ட அவர்களுக்கு ஆப் இல்லை. உங்களுக்கு ஆப் இலவசமாகவே அச்சிட்டுத் தருகிறது.

கவரை முடித்ததும் உங்கள் போனுக்கு அனுப்புங்கள். ஏதாவது ஒரு பிளேலிஸ்ட்டின் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதில் ஒரு கவரின்மேல் உங்களுடையதை அதே அளவில் ஒட்டிப் பாருங்கள். கண் தானாக அங்கே போகிறதா? இல்லையென்றால் எதையாவது எடுத்துவிடுங்கள். சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு தளமும் படத்தை ஒவ்வொரு மாதிரி வெட்டும். யூடியூப் தம்ப்நெயிலின் வலது கீழ் மூலையில் பாட்டின் நீளம் வந்து உட்காரும். அங்கே எழுத்தை வைத்தால் போச்சு. ஸ்பாட்டிஃபையில் புரொஃபைல் படம் வட்டமாகிவிடும், ஓரத்தில் நிற்கும் தம்புரா காணாமல் போகும். யூடியூப் சேனல் பேனருக்கு 2048-க்கு 1152 கொடுத்தாலும் எல்லாத் திரையிலும் தெரிவது நடுவில் உள்ள 1235-க்கு 338 மட்டும். 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் புரொஃபைல் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3:4-க்கு மாற்றியதும், ஒன்பது கட்டங்களைச் சேர்த்து ஒரே பெரிய படம் போட்டிருந்தவர்களின் பக்கம் என்ன ஆனது என்று பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று: கவரில் இன்ஸ்டா ஐடி, இணைய முகவரி, விலை, மற்ற தளங்களின் லோகோ ஆகியவற்றைப் போட்டால், பாட்டைத் தளங்களில் ஏற்றும் விநியோக நிறுவனங்கள் திருப்பி அனுப்பிவிடும். அதெல்லாம் போஸ்டரில் இருக்க வேண்டியவை.

படம் ஒன்று சொல்ல, பாட்டு ஒன்று சொல்வது

தங்க நிற கிரேடியன்ட், குத்துவிளக்கு, ஒரு தாமரை, நடுவில் பட்டுப் புடவையில் சிரிக்கும் பாடகி. பார்த்ததும் டிசம்பர் சீசன் கச்சேரி என்று தெரிகிறது. ஆனால் யாருடையது? அன்று மயிலாப்பூரில் நடக்கும் மற்ற கச்சேரிகளின் போஸ்டர்களிலும் இதே விளக்குதான், இதே தங்கம்தான். ஒரு சபாவின் சுவரை நின்று பார்த்தால் எல்லாரும் ஒரே குடும்பத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்த மாதிரி இருக்கும்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. வித்தியாசமாக இருக்க வேண்டும் என்று நியான் எழுத்து, சிதைந்த டிவி திரை போல எஃபெக்ட் எல்லாம் போட்டுவிட்டு, உள்ளே அமைதியான ஆலாபனை ஒன்றை வைப்பது. எலக்ட்ரானிக் இசை தேடி வந்தவர் பத்து நொடியில் ஓடிவிடுவார். ஆலாபனை தேடுபவர் உள்ளேயே வரமாட்டார்.

படமும் இசையும் ஒரே ஆளிடமிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எம்.ஐ.ஏ. நல்ல உதாரணம். இந்தப் பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சினிமா படித்தவர். பாட்டுக்கு வருவதற்கு முன்பே ஸ்டென்சிலும் ஸ்ப்ரே பெயின்ட்டுமாக ஓவியக் கண்காட்சி வைத்தவர். தன் அப்பாவின் இயக்கப் பெயரில் 2005-இல் அவர் கொண்டுவந்த முதல் ஆல்பத்தின் உறையிலும் அதே ஸ்டென்சில் கைதான்: கண்ணைப் பறிக்கும் நிறங்கள், போர்க் காட்சிகள். கேட்காமலே அந்த இசை எப்படி இருக்கும் என்று ஊகித்துவிடலாம். அலங்காரம் அங்கே தனியாக நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துப் போர்ச் சூழலை விட்டு லண்டனுக்கு வந்த ஒரு பெண்ணின் கோபமும் குறும்பும் இரண்டிலும் ஒன்றாக இருந்தது.

உடையும் டிசைன்தான். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு, கானாவையும் பறையையும் கோட்-சூட்டில் வந்து வாசித்தது. பார்ப்பவருக்கு அம்பேத்கரின் நினைவு வராமல் இருக்காது. ஒரு வரி விளக்கம் இல்லாமல் அவர்கள் யார், எதற்காகப் பாடுகிறார்கள் என்பது புகைப்படத்திலேயே வந்துவிட்டது. லோகோவுக்குச் செலவழிக்கும் முன் இதை யோசிப்பது நல்லது.

ஆட்களை விட்டுவிடுவது

கச்சேரி போஸ்டரில் பாடகர் பாதி இடத்தை எடுத்துக்கொள்வார். வயலினும் மிருதங்கமும் கஞ்சிராவும் கீழே ஸ்டாம்ப் சைஸில் மூன்று முகங்கள். ஒரு முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம், மூன்றாவது பாஸ்போர்ட் போட்டோ. பக்கவாத்தியக்காரர்களிடம் முதல்நாள் இரவு "ஒரு போட்டோ அனுப்புங்க சார்" என்று கேட்டதன் விளைவு. அதோடு ஸ்பான்சர் லோகோக்கள் ஒரு வரிசை, அதற்கும் கீழே, தேடினால் கிடைக்கிற மாதிரி, கச்சேரி நேரமும் அரங்கின் பெயரும். அனுமதி இலவசமா, டிக்கெட்டா என்பது பல போஸ்டர்களில் இருக்கவே இருக்காது. வர நினைப்பவருக்கு வேண்டியது அந்த மூன்றும்தான்.

படத்தில் யார் இருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை தன் அட்டையில் பாடகி தீயையும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. அந்த அட்டை பேசிய 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' இரண்டு பாட்டிலும் பங்குள்ள பாடலாசிரியர் அறிவு அதில் இல்லை. பெரிய சண்டை ஆனது. பிறகு அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை ஒன்று வந்தது. கேட்பவர்கள் வரவுப் பட்டியலைப் படிப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் பாட்டு யாருடையது என்று முடிவு கட்டுகிறார்கள். கூட்டாகச் செய்த பாட்டென்றால், கவரில் யார் நிற்பது என்பதைப் பாட்டு முடியும்போதே பேசிவிடுங்கள். வெளியான பிறகு பேசினால் நட்பும் போகும்.

தமிழ் எழுத்தை ஒப்புக்கு வைப்பது

இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். 'தோடி' என்று அடித்தால் திரையில் த, அதற்குப் பின்னால் ஒரு தனி இரட்டைக்கொம்பு, பிறகு ஒரு கால் என்று சிதறிக் கிடக்கும். 'பைரவி'யில் ஐகாரக் கொம்பு பகரத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். தமிழ் தெரியாத டிசைனருக்கு அது தப்பென்றே தெரியாது; அப்படியே பிரஸ்ஸுக்குப் போய் ஃபிளெக்ஸாக வந்துவிடும். ஃபோட்டோஷாப்பில் 'வேர்ல்டு ரெடி' எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய ஃபான்ட் முறையில் அடித்ததை யூனிகோடு ஃபான்ட்டில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பை வரும். ஆனால் அதாவது உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாத தப்பு ஒன்று இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை இடைவெளி விட்டுப் பரப்பி வைப்பது ஸ்டைல். அதே அளவு இடைவெளியைத் தமிழுக்குக் கொடுத்தால் கொம்பும் காலும் தன் எழுத்தை விட்டு விலகி, யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் நடுவழியில் நிற்கும். வரிக்கு வரி இடைவெளியும் தமிழுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மேல் வரியின் 'மு'வும் கீழ் வரியின் 'கீ'யும் மோதிக்கொள்ளும். ஆங்கிலப் பெயர் தடித்த எழுத்தில் கம்பீரமாக நிற்க, தமிழ்ப் பெயர் கணினியில் கிடைத்த ஏதோ ஓர் ஒல்லி ஃபான்ட்டில் ஓரமாக இருப்பதையும் தினமும் பார்க்கிறோம். நோட்டோ, அனெக், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி என்று இலவசத் தமிழ் ஃபான்ட்டுகள் கூகுள் ஃபான்ட்ஸில் பல தடிமன்களில் கிடைக்கின்றன. சாக்கு சொல்ல இடமில்லை. கொஞ்சம் காசு இருந்தால் கையால் எழுதத் தெரிந்த ஒருவரிடம் பெயரை எழுதி வாங்குங்கள். அது உங்களுக்கு மட்டுமே சொந்தமான எழுத்தாகிவிடும். அச்சுக்குப் போகும் முன் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். "இன்னிசை கச்சேரி" என்று 'க்' விடுபட்டுத் தொங்கும் பேனர்கள் போதும் போதும் என்று ஆகிவிட்டன.

தட்டச்சு செய்ய முடியாத பெயர்

1993-இல் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் தன் பெயரை ஒரு குறியீடாக மாற்றிக்கொண்டார். எந்த விசைப்பலகையிலும் அது இல்லை. பத்திரிகைகள் அச்சிட வேண்டுமே என்று அந்த ஒரே குறியீடு அடங்கிய ஃபான்ட்டை ஃபிளாப்பி டிஸ்கில் அனுப்ப வேண்டியிருந்தது. அவருக்கு இசைத்தட்டுக் கம்பெனியோடு தகராறு, அதில் இது ஓர் ஆயுதம். பிரின்ஸ் என்பதால் ஊரே ஈடுகொடுத்தது. எம்.ஐ.ஏ.கூட 2010 ஆல்பத்தின் பெயரைச் சாய்கோடுகளால் கட்டினார். பார்க்க அழகு, தேடுவதற்குத் தலைவலி.

நம் ஊரில் சிக்கல் வேறு மாதிரி. வித்யா என்பதில் ஆங்கில எச் உண்டா இல்லையா, முன்னெழுத்து முதலிலா கடைசியிலா என்று போஸ்டரில் ஒன்று, யூடியூபில் ஒன்று, ஸ்ட்ரீமிங் தளத்தில் இன்னொன்று. சில தளங்களில் ஒரே ஆளுக்கு இரண்டு பக்கங்கள் உருவாகி, பாட்டுகள் பிரிந்து கிடக்கும். ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள்.

கூகுளில் எடுத்தது, ஏஐ-யில் வரைந்தது

வாம்பயர் வீக்கெண்ட் என்ற அமெரிக்கக் குழு 2010-இல் ஆல்பக் கவரில் போட்ட பழைய போலராய்டு படத்தில் இருந்த பெண், தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. காசு கொடுத்து வாங்கிய படமாக இருந்தாலும் அதில் இருப்பவரின் சம்மதம் வேறு கணக்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உங்களுடையது. லோகோ போன்ற மற்ற வடிவமைப்புகள் அப்படியல்ல; சுயதொழில் டிசைனரிடமிருந்து உரிமையை எழுத்தில் வாங்க வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஏஐ படங்களை நான் அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் வாத்தியத்தை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். சரஸ்வதி வீணைக்கு 24 மெட்டுகள், 7 தந்திகள். ஏஐ தரும் வீணையில் கிட்டாரின் கழுத்தும் சிதாரின் வயிறும் இருக்கும், தந்திகள் பாதி வழியில் மறையும். மிருதங்கத்தின் வார் எங்கேயும் போய்ச் சேராது. ரசிகர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். படத்தில் இவ்வளவு அலட்சியம் என்றால் பாட்டில் என்ன பார்த்திருப்பார் என்றும் நினைப்பார்.

கடைசி நாளில் ஓடுவது

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் உதடும் நாக்குமான லோகோ 1970-இல் ஜான் பேஷ் என்ற மாணவர் 50 பவுண்டுக்கு வரைந்தது. குழுவின் பாடகர் மிக் ஜாகர் அவரிடம் காட்டிய ரெஃபரன்ஸ் ஒரு காளி படம். 2008-இல் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம் அந்த மூல ஓவியத்தை 92,500 டாலருக்கு வாங்கியது. பட்ஜெட் பெரிதாக இல்லை. ஆனால் என்ன வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. நம்மிடம் நடப்பது, நாளை காலை ரிலீஸ், இன்று இரவு 11 மணிக்கு டிசைனருக்கு வாட்ஸ்அப். கூடவே "கொஞ்சம் கெத்தா இருக்கணும் ப்ரோ". இதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பாட்டு முழுசாக முடியாவிட்டாலும் ரஃப் மிக்ஸை அனுப்பி, கேட்டுவிட்டு வரையச் சொல்லுங்கள். பிடித்த நான்கு கவர்களை அனுப்பி, ஒவ்வொன்றிலும் எது பிடித்தது என்று எழுதுங்கள். போட்டோக்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோ ஷூட்டில் முகத்துக்கு நெருக்கமாக மட்டும் எடுக்காமல், சுற்றிலும் வெற்றிடம் விட்டு நிற்கவாக்கிலும் படுக்கவாக்கிலும் எடுத்து வைத்தால், சதுரக் கவர், பேனர், ரீல் மூன்றுக்கும் அதே ஷூட் போதும். ஃபிளெக்ஸ் அடிப்பதாக இருந்தால் திரையில் மின்னும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும் என்பதால் சின்னதாக ஒரு சாம்பிள் பிரின்ட் பார்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஜேபெக் மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், லேயர் உள்ள மூல ஃபைலையும் கேளுங்கள்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஸ்பாட்டிஃபையின் எடிட்டர்கள் பார்வைக்குப் பாட்டை அனுப்ப வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பாவது அது அவர்களிடம் இருக்க வேண்டும். விநியோக நிறுவனம் சரிபார்த்து ஏற்றச் சில நாள் ஆகும். கவரைத் திருப்பி அனுப்பினால் இன்னும் சில நாள். ஆக, வெளியீட்டுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே கவர் கையில் இருக்க வேண்டும்.