50-இல் நிற்காத இரண்டு கட்சிகள்

அதிக ஓட்டுக்காகக் கட்சிகள் தங்கள் நிலைப்பாட்டை ஒரு கோட்டில் நகர்த்திக்கொண்டே போகும் ஹோட்டலிங்–டவுன்ஸ் தேர்தல் மாதிரியைப் பைதான் நிரல்மொழியில் எழுதினேன். 0 முதல் 100 வரை கோட்டில் புள்ளிக்கு ஒரு வாக்காளர். அவரவர் ஓட்டு பக்கத்தில் இருக்கும் கட்சிக்கு. கட்சி இரண்டுதான். சரியாக நடுவில் இருக்கும் இடைநிலை வாக்காளரின் இடமான 50-இல் இரண்டும் போய் நிற்க வேண்டும். என்னுடையவை 49, 50, 51 என்று ஓயாமல் ஆடின.

தொடக்க இடங்களை மாற்றினேன். வாக்காளரைக் கூட்டினேன். நகரும் முறையைக் குலுக்கிப் பார்த்தேன். மூன்று நாள் போயிற்று.

கடைசியில் பட்டியலில் கட்சிகளின் வரிசையைத் திருப்பிப் போட்டதும் ஜெயிக்கிற கட்சியும் மாறியது. அங்கேதான் பிடி கிடைத்தது. ஒவ்வொரு வாக்காளருக்கும் பக்கத்துக் கட்சியைத் தேட நம்பை (பைதானின் கணக்கு நூலகம்) தரும் ஆர்க்மினை வைத்திருந்தேன்; மிகச் சிறிய மதிப்பு எங்கே என்று சொல்லும் அது, தூரம் சமமானால் முதலில் இருப்பதையே தரும். இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் 101 ஓட்டும் முதல் கட்சிக்கு. மற்றது பூஜ்யத்தோடு ஓடத்தானே செய்யும்?

சமதூர ஓட்டைப் பங்கிட்டேன். இரண்டும் 50-இல் நின்றால் ஆளுக்கு 50.5 ஓட்டு, ஒன்று விலகினால் அதற்கு அதிகபட்சம் 50. உடனே நின்றன.

மூன்று கட்சி வைத்தால் இன்னும் ஆடுகிறது. அது பிழையல்ல: வாக்காளர் சீராகப் பரவியிருந்தால் மூன்றுக்குச் சமநிலை (யாருக்கும் நகர்ந்து லாபமில்லாத நிலை) கிடையாது என்று பொருளியலாளர்கள் ஈட்டனும் லிப்சியும் 1975-இலேயே காட்டிவிட்டார்கள். நான்கை 25, 25, 75, 75-இல் வைத்துப் பார்த்தேன், அசையவில்லை.