மோதிய ஹெலிகாப்டரில் ஃபெதரிங் ஷாஃப்ட் மாற்றும்போது
450 அளவு (சிறிய ரக) ரிமோட் ஹெலிகாப்டர் ஒருமுறை தரையில் மோதினாலே, இரண்டு பிளேடு கிரிப்புகளையும் (பிளேடின் அடியைப் பிடித்திருக்கும் பாகங்கள்) தாங்கும் ஃபெதரிங் ஷாஃப்ட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது, புதிதுதான் போட வேண்டும். பழையதை நிமிர்த்தி மறுபடி போடவே போடாதீர்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஷாஃப்ட் முனையிலுள்ள ஸ்க்ரூ அசையவில்லையா? சால்டரிங் அயர்ன் முனையை அதன் தலையில் சில நொடி வையுங்கள், பழைய திரெட்லாக் (ஸ்க்ரூ தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை) இளகிவிடும்.

பலரும் தவறுவது, பிளேடு சுழலும்போது வெளிப்பக்கம் இழுக்கும் விசையைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்கில்தான். அதன் இரண்டு வளையங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஷாஃப்ட்டில் மாட்டிப் பாருங்கள்: தளர்வாக ஆடுவது உள்பக்கம், ரோட்டர் மையத்தை நோக்கி, சரியாகப் பொருந்துவது வெளிப்பக்கம், ஸ்க்ரூவை ஒட்டி. மாற்றிப் போட்டால் கிரிப் இறுகும், பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். குண்டுகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

ஸ்க்ரூ மரையை ஆல்கஹாலால் துடைத்து, நீல நிற திரெட்லாக் ஒரு சிறு சொட்டு. பேரிங்குக்குள் கசியக் கூடாது. திரெட்லாக் போடுவதை மட்டும் தவிர்க்காதீர்கள். பறக்கும்போது கிரிப் கழன்றால் பிளேடு யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது.