ஹார்ட் ராக் கேட்கப் பழகுவது எப்படி: கும்பகோணத்து மைக் செட்காரன் சொல்கிறேன்

ஹார்ட் ராக் என்றால் கரகரக்கும் எலக்ட்ரிக் கிட்டாரும் கனத்த டிரம்மும் சேர்ந்த மேற்கத்திய இசை. அதைக் கேட்க முதல் வேலை, போன் ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள். அதில் கேட்டுவிட்டுத்தான் எங்கள் கடைப் பையன்கள் "ஒரே இரைச்சல்ணே" என்பார்கள். விரல் நுனி அளவு ஸ்பீக்கரில் பேஸ் கிட்டாரும் வராது, காலால் மிதிக்கும் பெரிய டிரம்மும் வராது. மிச்சம் கரகரப்புதான், அதை இரைச்சல் என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்? சுமாரான ஒரு ஒயர் இயர்போன் போதும். வீட்டில் பழைய டெக்கும் இரண்டு பாக்ஸும் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். ஈக்வலைசரில் 'ராக்' என்று ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொட வேண்டாம். பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடுவை அமுக்கிவிடும். கிட்டார் குடியிருப்பதே அந்த நடுவில்தான்.

அடுத்து, கரகரப்போடு சமாதானம் ஆக வேண்டும். காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எங்கே போனாலும் சத்தம் உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஆம்ப்ளிஃபயரை (சுருக்கமாக ஆம்ப்) ஒரு சுற்று அதிகம் திருகினால் குழாயில் நாதஸ்வரம் பிளிறும், வித்வான் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். ஹார்ட் ராக் ஆட்களோ அந்த உடைந்த சத்தத்தைத் தேடிப் போனவர்கள். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறிவிட்டு வாசித்தார். 'யூ ரியலி காட் மீ' பாட்டில் முதல் விநாடியிலேயே அது கேட்கும். அப்புறம் லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் கிட்டார் ஆம்ப் செய்ய வந்தார். வால்வு ஆம்பை எல்லை தாண்டி ஓட்டினால் ஒலி அலையின் தலை மழுங்கும், மூல ஸ்வரத்தின் மேல் புதுப்புது ஸ்வரங்கள் முளைக்கும். அந்தக் குரல்தான் ஹார்ட் ராக். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் எட்டு ஸ்பீக்கரை ஒரே பெட்டியில் போட்டுத் தரும்படி மார்ஷலிடம் கேட்க, அதைத் தூக்க ஆளில்லாமல், நாலு நாலாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார்கள். மேடைப் படங்களில் முதுகுக்குப் பின்னால் சுவர்போல நிற்கிறதே, அது இப்படி வந்ததுதான். லோடு ஏற்றி இறக்கும் எவனுக்கும் அந்த நியாயம் புரியும்.

சரி, எதில் ஆரம்பிப்பது? ஏசி/டிசி என்ற குழுவில். 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். அதே ஜூலையில் புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு 'பேக் இன் பிளாக்' ஆல்பம் வந்துவிட்டது. அதன் தலைப்புப் பாட்டை எடுங்கள். முதல் தடவை பில் ரட்டின் டிரம்மை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அடுத்த தடவை பேஸ். அதற்கடுத்து மால்கம் யங்கின் கிட்டார். அவர் தம்பி ஆங்கஸ் பள்ளிக்கூட டவுசர் போட்டுக்கொண்டு ஆடுவதால் அண்ணனை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் கட்டடத்தைத் தாங்குவது அவர்தான். கடைசியாகக் குரல். கிட்டார் அடித்துவிட்டு நிறுத்தும் இடத்தில் எத்தனை இடைவெளி விடுகிறார்கள் என்று கவனியுங்கள். அந்த மௌனம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. பாட்டு வரிகளில் பெரிய இலக்கியம் தேட வேண்டாம்.

இப்போது லெட் செப்பலின் குழு. நாலாவது ஆல்பம், 1971, கடைசிப் பாட்டு 'வென் தி லெவி பிரேக்ஸ்'. 1927இல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929இல் பதிவு செய்த பாட்டு அது. மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்ட ராத்திரி கரையோரம் மணல் மூட்டை அடுக்கியவர்களுக்கு அதன் விஷயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது டிரம். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீடு. ஜான் பான்ஹாமின் டிரம் செட்டைக் கீழே மாடிப்படிக் கூடத்தில் போட்டு, படிக்கட்டின் மேலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். அவ்வளவுதான். டிரம்முக்கு ஒன்றாக மைக் வைத்து ஒயரில் தடுக்கி விழும் எங்களுக்கு இது வயிற்றெரிச்சல். ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் தவில்காரர் சுருதி சேர்த்துவிட்டுச் சும்மா நாலு தட்டுத் தட்டும்போது நின்று கேட்டிருக்கிறீர்களா? சுவரும் கூரையும் சேர்ந்து வாசிக்கும். அந்தக் காதோடு இந்தப் பாட்டின் முதல் அரை நிமிடத்தைக் கேளுங்கள்.

அதே குழுவின் 'காஷ்மீர்' (1975) கேட்கும்போது கையில் தாளம் போடுங்கள். டிரம் நாலு நாலாகப் போகும், அதன் மேல் கிட்டார் மூன்று மூன்றாகச் சுற்றும். பன்னிரண்டாவது அடி முடிந்ததும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும். திருவையாறு உற்சவத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடை தட்டுகிற மாமாக்கள் இதை ஒரே கேட்பில் பிடித்துவிடுவார்கள். முதல் தடவை தவறினால் விட்டுவிடுங்கள், டிரம்மோடு மட்டும் போங்கள், மூன்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பிளாக் சபாத் குழுவைக் கேட்க மழை நாளாகப் பாருங்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு: கீழ் சட்ஜமம், மேல் சட்ஜமம், அப்புறம் பிரதி மத்யமம். நமக்கு அது கல்யாணியில் சர்வ சாதாரண ஸ்வரம். பஞ்சமம் துணைக்கு வராமல் தனியாக நிறுத்தினால் மட்டும் அடிவயிற்றைப் பிசையும். கிட்டார்காரர் டோனி அயோமி பர்மிங்ஹாமில் தகரப் பட்டறை வேலையில் இரண்டு விரல் நுனியை இழந்தவர். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். 1971இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் மூன்று கட்டையில் இருக்க வேண்டிய தடித்த தந்தியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும், சத்தமும் சேற்றில் கால் வைத்ததுபோல் கனக்கும். ஹெவி மெட்டல் என்று இன்னும் கனமான ராக் வாசிப்பவர்கள் இன்றைக்கும் அந்தக் கனத்தில்தான் நிற்கிறார்கள்.

டீப் பர்ப்பிள் குழுவை ஸ்டுடியோப் பதிவில் கேட்காதீர்கள், மேடைப் பதிவில் கேளுங்கள் என்பது என் கட்சி. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' எல்லாருக்கும் தெரியும், கிட்டார் கடையில் நுழைகிற ஒவ்வொருத்தனும் வாசிப்பான். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான 'மேட் இன் ஜப்பான்' எடுங்கள். அதில் 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டில் பிளாக்மோர் கிட்டாரில் ஒன்று வாசிக்க, கில்லன் தொண்டையில் அதையே திருப்பித் தருவார். 'தி மியூல்' பாட்டில் டிரம் வாசிக்கும் இயன் பெய்ஸுக்குத் தனி ஆவர்த்தனம். நம் ஆட்கள் பாதியில் எழுந்து காபி குடிக்கப் போவதுபோல நீங்களும் போய்விடக் கூடாது.

இவ்வளவும் ஓடிவிட்டால் கிட்டார்காரர் ஹென்ட்ரிக்ஸ், கிரீம் குழு என்று இவர்களுக்கு முந்தைய காலத்துக்குப் போகலாம். எதைக் கேட்டாலும் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள், ஷஃபிளை அணைத்துவிட்டு.