புற்றுநோய்க்குப் பிறகு பின்னல் ஊசியை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகிச்சை முடிந்த மாதமே, பாதியில் விட்டிருந்த ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீமோவுக்கு முன்னால் தொடங்கியது. நடுவில் முறுக்குப் பின்னல் ஓடும் கடினமான டிசைன். நாலு வரிசை தாண்டவில்லை. விரல் நுனியெல்லாம் மரத்திருந்ததால் கண்ணி நழுவுவதே கைக்குத் தெரியவில்லை. எந்த வரிசையில் இருக்கிறேன் என்பதும் மறந்து மறந்து போனது. ‘கை போய்விட்டது’ என்று அழுதேன். அங்கேதான் தவறினேன்: பழைய வேலையை வைத்துப் புது உடம்பை அளந்தேன்.

விரல் மரத்துப்போவது பழக்கம் விட்டுப்போனதால் அல்ல. பாக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் கைகால் நரம்புகளைப் பாதிப்பதுண்டு. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு முழுதாகப் போகாமலும் இருக்கலாம். ஆக்ஸாலிபிளாட்டின் எடுப்பவர்களுக்குச் சில்லென்ற பொருளைத் தொட்டாலே சுருக்கென்று குத்தும். அந்த நாட்களில் அலுமினிய ஊசியும் எஃகு ஊசியும் ஆகவே ஆகாது. மூங்கில் ஊசியோ மர ஊசியோ எடுங்கள். தொட்டால் சில்லிடாது, கண்ணியும் சட்டென்று வழுக்காது. முனை மழுங்கலாக இருக்கட்டும். மரத்த விரலில் ஊசி குத்தினால் உடனே தெரியாது. நோய் எதிர்ப்பு குறைந்திருக்கும் நேரத்தில் சின்னக் காயமும் வேண்டாம். நூல் 5 மி.மீ. ஊசிக்கு ஏற்ற தடிமனில், வெளிர் நிறத்தில் இருந்தால் கண்ணுக்கும் நிம்மதி.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்கள் இரண்டு பக்கமும் தவறு செய்கிறோம். சிலர் நிணநீர் தேங்கிக் கை வீங்கிவிடும் என்று பயந்து பின்னலையே விட்டுவிடுகிறார்கள். சிலர் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரிய போர்வையை நீள ஊசியில் பின்னினால் மொத்தக் கனமும் மணிக்கட்டிலும் தோளிலும் இறங்கும். இரண்டு முனைகளை வளையும் வடம் இணைக்கும் வட்ட ஊசியில் பின்னினால் துணி மடியில் கிடக்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கீழே வைத்து, கையை உயர்த்தி, விரல்களை மூடித் திறங்கள். கை கனத்தாலோ மோதிரம் இறுகினாலோ அந்த வரிசையை முடிக்கக்கூடக் காத்திருக்காமல் நிறுத்திவிட்டு, மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

மறதிக்கு வெட்கப்பட வேண்டாம். வரிசை எண்ணும் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். பத்து வரிசைக்கு ஒருமுறை வேறு நிற நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி விட்டுவிடுங்கள். எங்கே தவறினாலும் அந்த நூல் வரை பிரித்தால் போதும்.

உடம்பைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது மனிதர்களிடம் திரும்பிப் போவது. நன்றாகப் பின்ன வந்த பிறகு பின்னல் குழுவுக்குப் போகலாம் என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த எட்டு மாதத்தில்தான் அவர்கள் எனக்கு அதிகம் தேவைப்பட்டார்கள். ஒருவழியாகப் போன அன்று ஒருத்தி, “அக்கா, நான் கண்ணி ஏற்றித் தர்றேன், நீங்க பின்னுங்க” என்று ஊசியை வாங்கிக்கொண்டாள். ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை, தைரியம் சொல்லவில்லை. அன்று அது போதுமாக இருந்தது. குழுவில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். மருந்து யோசனையும் ‘பாசிட்டிவ்வா இரு’ என்ற அறிவுரையும் வேண்டாம். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

அடுத்து நான் செய்த தவறு, நன்றிக்கடன் தீர்க்கிற அவசரம். கீமோ எடுப்பவர்களுக்கு இருபது தொப்பி பின்னித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். புற்றுநோய்ச் சோர்வு தூங்கி எழுந்தால் தீர்வதில்லை. சிகிச்சைக்குப் பிறகும் மாதக்கணக்கில் தொடரலாம். ஆறாவது தொப்பியில் ஊசியைப் பார்க்கவே பயம் வந்துவிட்டது. எண்ணிக்கை சொல்லாதீர்கள். முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கொடுக்கும் பொருளிலும் கவனம் வேண்டும். முடி இழந்த தலையின் தோல் மிக மென்மையாக இருக்கும். அரிக்கும் கம்பளி, ரோமம் உதிரும் மொஹேர் (ஆட்டு ரோம நூல்), உள்ளே தடித்த மூட்டுத் தையல் எதுவும் கூடாது. மென்மையான பருத்தி நூலைக் கன்னத்திலும் கழுத்திலும் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். துவைத்தால் தாங்குகிறதா என்றும் பாருங்கள். மார்பகம் அகற்றியவர்களுக்குப் பின்னிய செயற்கை மார்பகங்களை இலவசமாகத் தரும் ‘நிட்டட் நாக்கர்ஸ்’ அமைப்பு, எந்தெந்த நூல்களில் பின்னலாம் என்று பட்டியலே வைத்திருக்கிறது. வீட்டில் மிஞ்சிய நூலில் பின்னி அனுப்புவது அன்புதான், ஆனால் அது தழும்பின்மேல் படப்போகிற பொருள். அணிகிறவரும் புண் ஆறியதை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும்.

ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும் நாளில் புது டிசைன் தொடங்காதீர்கள். என் பையில் அதற்கென்றே ஒரு சதுரத் துணி இருக்கிறது. முப்பது கண்ணி, நேர்ப் பின்னல், கணக்கே கிடையாது. பெயர் கூப்பிட்டதும் வரிசையின் நடுவில் அப்படியே சுருட்டி வைத்துவிட்டு எழுந்து போகலாம்.