இளம் குருமார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த ஊர் ஆலயத்தின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஞாயிறு ஆராதனையில் கலந்துகொண்டேன். குருப்பட்டம் பெற்று ஓராண்டுகூட ஆகாத உதவி குருவானவர் பிரசங்கம் செய்தார். நல்ல குரல், வசனத்தையும் ஒழுங்காகப் பிரித்து விளக்கினார். பாதிப் பிரசங்கத்தில், "இந்த வாரம் ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன், யார் வீடு என்று சொல்லமாட்டேன்" என்று தொடங்கினார். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அம்மா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டது, எனக்குப் பின்பெஞ்சிலிருந்தே தெரிந்தது. அதன்பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பிரசங்க பீடத்தில் நின்று இதே வாக்கியத்தைச் சொன்னவன் நான்.

ஆராதனைக்குத் தாமதமாக வருவது, பிரசங்கத்தை முக்கால் மணி நேரம் இழுப்பது, பாமாலை எண்ணை மாற்றிச் சொல்வது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைச் சபையாரே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள், நாமும் திருத்திக்கொள்வோம். யாரும் நம்மிடம் வந்து சொல்லாத தவறுகள் சில உண்டு. அவையே எனக்குக் கவலை.

வீட்டில் கேட்டதைப் பிரசங்க பீடத்தில் சொல்வது

அப்போது நான் தென்மாவட்டத்தில், ஏறத்தாழ எண்பது குடும்பங்கள் உள்ள ஒரு கிராமச் சபையில் ஊழியத்தில் இருந்தேன். அறுப்பின் பண்டிகை முடிந்து சில மாதங்கள் கழிந்த ஒரு மாலை வேளையில், ஆலயத்தில் காணிக்கைப் பை எடுக்கிறவர்களில் ஒருவர் குருமனைத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பண்டிகை ஏலப் பணம் தம் கையில் இருந்ததாகவும், அதே வாரத்தில் மகளுக்கு அவசரமாக ஆபரேஷன் செய்ய நேர்ந்ததால் அதிலிருந்து எடுத்துச் செலவு செய்துவிட்டதாகவும், கணக்கு ஒப்படைப்பதற்கு முன்பே மாட்டை விற்று முழுத் தொகையையும் திரும்ப வைத்துவிட்டதாகவும் சொன்னார். ஒரு பைசாகூடக் குறையவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. ஆனாலும் மனது உறுத்துகிறது என்று சொல்லி அழுதார். அவரோடு முழங்காற்படியிட்டு ஜெபித்து அனுப்பினேன். அன்று நான் செய்ததில் குறையொன்றும் இருந்ததாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து சகேயுவைப் பற்றிப் பிரசங்கிக்க வேண்டியிருந்தது. லூக்கா 19ஆம் அதிகாரத்தில் வரும் அந்த ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்), அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துவதாகச் சொல்கிறான். இதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டு ஒன்று கையிலேயே இருக்கும்போது எங்கே தேடுவது என்று நினைத்தேன். அவரைக் குறைசொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அவரை மனதில் வைத்து மனந்திரும்புதலைப் புகழ்ந்துதான் பேசினேன். "ஒரு சகோதரர், பெயர் வேண்டாம், பொதுப்பணத்தை மகளின் ஆபரேஷனுக்கு எடுத்தார், மாட்டை விற்றுத் திரும்ப வைத்தார்" என்றேன். எண்பது வீடுள்ள ஊரில் அந்த ஆண்டு ஆபரேஷன் நடந்த மகள் ஒருத்திதான், விற்கப்பட்ட மாடும் ஒன்றுதான் என்பது, நான் வாயை மூடிய பிறகே எனக்கு உறைத்தது.

பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தது. அவர் வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், நீட்டிய பையில் போடாமல், எழுந்து நடந்து வந்து, ரூபாய் நோட்டைப் பீடத்தின் முன்னிருந்த தட்டில் தம் கையாலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவரைத் தொடர்ந்து இன்னொருவரும் அப்படியே செய்தார். பை எடுத்தவர் எல்லா வரிசைக்கும் போய்முடித்து, பையை என்னிடம் கொடுத்து, ஆசீர்வாதம் சொல்லும்வரை நின்றுவிட்டு, அங்கிகள் மாட்டும் அறையில் உள்ள ஆணியில் அதைத் தொங்கவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது உட்காரச் சொன்னார், காப்பியும் கொடுக்கச் சொன்னார். "ஐயா, உங்ககிட்ட சொன்ன அன்னைக்கு ராத்திரிதான் நான் நல்லாத் தூங்கினேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் குடும்பம் பக்கத்து ஊர்ச் சபைக்குப் போய்விட்டது. அந்த மகளின் திருமண ஓலையும் (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) அங்கேதான் வாசிக்கப்பட்டது.

ஒரு குடும்பம் போனதோடு அது முடியவில்லை. எனக்கு மாறுதல் வரும்வரை மீதமிருந்த இரண்டு ஆண்டுகளில் அந்த ஊரில் ஒருவர்கூட என்னிடம் மனம்விட்டுப் பேசவில்லை. வீடு சந்திக்கப் போனால் பாய் விரித்தார்கள், மழையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசினார்கள், ஜெபிக்கச் சொன்னார்கள். "எதற்காக ஜெபிக்க வேண்டும்?" என்று கேட்டால், "பொதுவா ஜெபிங்க ஐயா" என்றார்கள். குருவானவர் ஒருவருக்கு நேரக்கூடிய தண்டனைகளில் இதைவிடக் கொடியது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தவறு பல உருவங்களில் வரும். மன்றாட்டு ஜெபத்தில், "கடன்காரர் நெருக்கத்தால் தவிக்கும் இந்தக் குடும்பத்தைப் பாரும் ஆண்டவரே" என்று பெயரைச் சொல்லி ஜெபிப்பது அதில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அது அறிவிப்புதான். சபையின் வாட்ஸ்அப் குழுவில் "இன்னாருடைய மகளுக்காக ஜெபியுங்கள், காரணம் தனியே சொல்கிறேன்" என்று எழுதுவது இன்னொன்று. காரணத்தை ஊரே தனித்தனியாகக் கண்டுபிடித்துவிடும். சேகரக் கமிட்டியில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் நிர்வாகக் குழுவில்), "அவருக்கு வீட்டில் ஏற்கெனவே பிரச்சினை இருக்கிறது, இந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம்" என்று நல்லெண்ணத்தோடு சொல்வதும் இதைச் சேர்ந்ததே. பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் அடுத்த குருவானவரிடம் வீடு வீடாக விவரம் சொல்வதும் அப்படித்தான். பதிவேடுகளை ஒப்படைக்க வேண்டியது கடமை, ரகசியங்களை ஒப்படைக்க நமக்கு அதிகாரம் இல்லை. மனைவியிடம் சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. சொல்லக்கூடாது. சபையார் அந்த அம்மாவிடம் இயல்பாகப் பேச முடிய வேண்டும். எல்லாம் தெரிந்த முகத்தோடு மாதர் சங்கத்தில் உட்கார நேர்வது மனைவிக்கும் பாரம்.

"ஊர் மாறிய பிறகு சொல்லலாமே" என்பது அடுத்த சமாதானம். நம் சேகரங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். இந்தப் பண்டிகைக்கு அந்த ஊரார் வருகிறார்கள். போதாக்குறைக்கு இப்போது ஆராதனை யூடியூபிலும் போகிறது. "அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன்" என்று ஓர் இளம் குரு என்னிடம் பெருமையாகச் சொன்னார். அங்கி போட்டவர் வீட்டுக்கு வந்து, "உங்கள் சாட்சியைச் சொல்லட்டுமா?" என்று கேட்டால் முடியாது என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கிறது? எடுத்துக்காட்டு வேண்டுமானால் சொந்தத் தோல்வியைச் சொல்லுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, கையிருப்பும் குறைவாக இருக்காது. ஜெபிக்கும்போது, "என்ன சொல்லி ஜெபிக்கட்டும்?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையை மட்டும் சொல்லுங்கள்.

இது ஏதோ என் தனிப்பட்ட மனக்காயம் என்று நினைத்துவிட வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, கேட்டதை எக்காரணத்தைக் கொண்டும் குருவானவர் வெளியிட முடியாது. நாம் வந்த ஆங்கிலிக்கன் வழியிலும், இங்கிலாந்துத் திருச்சபை 1603ஆம் ஆண்டில் வகுத்த விதிகளில் 113ஆவது, இரகசியமாய் ஒப்படைக்கப்பட்ட குற்றத்தை வெளிப்படுத்தக்கூடாது என்று குருமாருக்குக் கட்டளையிடுகிறது. மறைத்தால் குருவானவரின் உயிருக்கே சட்டப்படி ஆபத்து வரக்கூடிய குற்றங்களை மட்டும் அது விலக்குகிறது.

விலக்கு என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இரகசியம் காப்பதில் தீவிரமாக இருக்கிறவர்களே இதில் தவறுகிறார்கள். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்றோ நடக்கலாம் என்றோ தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது எவருக்கும் கடமை. தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. அங்கி அதற்குப் பாதுகாப்பு அல்ல. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாமலிருக்க வழக்கறிஞருக்குச் சாட்சியச் சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்பை, குருவானவருக்கு அது கொடுக்கவில்லை. ஆகவே, "நான் யாரிடமும் சொல்லமாட்டேன், தைரியமாகச் சொல்லுங்கள்" என்று கேட்பதற்கு முன்பே வாக்குக் கொடுக்காதீர்கள். குடும்ப மானத்தைக் கருதி இதைச் சபைக்குள்ளேயே பேசி முடிக்கலாம் என்று மூப்பர்கள் வந்தால், அவர்களைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.

காணிக்கையைத் தனியாக எண்ணுவது

எண்ணாதீர்கள். இருவர் எண்ணி, இருவர் கையெழுத்திட்டு, அடுத்த வேலைநாளில் வங்கியில் கட்டட்டும்.

சாவு வீட்டில் விளக்கம் சொல்வது

வேதாகமத்தில், பிள்ளைகளையெல்லாம் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு செய்ததெல்லாம் கெட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "ஆண்டவர் தோட்டத்தில் பூப்பறித்தார்" என்று சொல்கிற குருமார் இன்னும் இருக்கிறார்கள். சாவு செய்தி வந்தவுடன் போங்கள், பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டால் அதிலேயே உட்காருங்கள், பந்தல்காரரிடமும் குழி வெட்டுகிறவரிடமும் பேச ஆளில்லாத வீடானால் அதைப் பேசுங்கள். அடக்க ஆராதனைப் பிரசங்கத்தில், இறந்தவர் ஆலயத்துக்கு வராததைக் குத்திக்காட்டுவது கோழைத்தனம். அவர் எழுந்து பதில் சொல்லப் போவதில்லை.

வியாதிப்படுக்கையில்

ஆஸ்பத்திரி வார்டில் மற்ற நோயாளிகளும் இருக்கிறார்கள். குரலை அடக்குங்கள், கட்டிலில் உட்காராதீர்கள், ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். "நிச்சயம் சுகமாகிவிடுவீர்கள்" என்று ஆண்டவர் பேரில் நீங்கள் தேதி குறிக்க வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொல்கிற அதிகாரம் யாக்கோபின் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் எங்கும் இல்லை; அங்கே இருப்பது எண்ணெயும் ஜெபமும்தான்.

திருமணப் பதிவேட்டை நாளைக்கு எழுதலாம் என்று விடுவது

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நாம் செய்வது ஆராதனை மட்டுமல்ல, அரசுப் பதிவும்கூட. மணமக்களும் சாட்சிகளும் பந்திக்குப் போவதற்கு முன் கையெழுத்து வாங்குங்கள். வயதுச் சான்றை, ஓலை வாசிப்பதற்கு முன்பே, கண்ணால் பாருங்கள். தெரிந்த குடும்பம் என்பது சான்று ஆகாது. பாஸ்போர்ட்டுக்காகப் பத்து ஆண்டு கழித்து வந்து நிற்கும் தம்பதியரின் பெயரில் ஓர் எழுத்து தவறியிருந்தால், அவர்கள் அலையும் அலைச்சலுக்கு நாமே காரணம்.

சபைத் தேர்தலில் அணி சேர்வது

வேண்டாம்.

"எனக்கு அழைப்பு இருக்கிறது" என்பதைக் கேடயமாகப் பிடிப்பது

கணக்குக் கேட்டாலும், பிரசங்கத்தைக் குறைசொன்னாலும், வீடு சந்திக்க வரவில்லை என்று வருத்தப்பட்டாலும், "ஆண்டவர் என்னை அழைத்திருக்கிறார்" என்று பதில் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். அழைப்பு உள்ளே கேட்கும் குரல் என்பது பாதி உண்மைதான். அதைச் சபையும் கேட்டு ஆமென் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் சேகரத்தின் பரிந்துரையும், பேராயர் முன்னிலையில் விசாரணையும், குருவாகும் முன் உதவி குருவாக இருக்கும் காலமும் வைத்திருக்கிறார்கள். 1733ஆம் ஆண்டு தரங்கம்பாடி மிஷனில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியாவில் புராட்டஸ்டண்டு சபையின் முதல் உள்நாட்டுக் குரு. அந்தப் பட்டத்துக்கு முன் அவர் பல ஆண்டுகள் உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் பெறாத சபை ஊழியராக, ஊர் ஊராக நடந்தவர். அவரை ஜனங்கள் முதலில் அறிந்தார்கள், அங்கி பிறகுதான் வந்தது. நாமோ அங்கியோடு வந்து இறங்குகிறோம். அறிமுகத்தைப் பிறகுதான் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. நம்மைத் திருத்துகிறவர் சபையின் மூத்த தாயாராக இருந்தாலும், உபதேசியாராக இருந்தாலும், அதையும் அந்த அழைப்பின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் நமக்கு முன்பே வீடுகளை அறிந்தவர் உபதேசியார்தான். அவரை நிற்கவைத்துப் பேசுகிற உதவி குருமாரைக் காணும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

விட்டுவந்த சேகரத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது

மாறுதலாகி வந்த பிறகு திருமணத்துக்கோ அடக்கத்துக்கோ பழைய சபையார் அழைத்தால், "உங்கள் குருவானவரிடம் முதலில் கேளுங்கள், அவர் என்னை அழைத்தால் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வையுங்கள்.