தபால்தலைக்கு ஒரு பெயரை முன்மொழிவது எப்படி

தபால்தலையில் யார் படம் வர வேண்டும் என்பதை மேலிடத்தில் யாரோ ஒருவர் முடிவு செய்துவிடுகிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல நாடுகளில் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழுவுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். அமெரிக்கத் தபால்தலைகளில் வரும் கருப்பொருள்களில் பெரும்பாலானவை பொதுமக்கள் சொன்னவைதான்.

நான் நெடுநாளாகத் தபால்தலை சேகரிப்பவன். முன்மொழிவு எழுத விரும்புகிறவர்களுக்கு வரைவைப் படித்துத் திருத்தியும் கொடுக்கிறேன். என்னிடம் வரும் வரைவுகளில் பெரும்பாலானவற்றில் உணர்ச்சிக்குக் குறை இருப்பதில்லை, எந்த ஆண்டு நிறைவுக்கு என்ற தேதிதான் இருக்காது. குழு முதலில் பார்ப்பது அதைத்தான்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம். உங்கள் நாட்டில் முடிவு யார் கையில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அமெரிக்காவில் 1957 முதல் குடிமக்கள் தபால்தலை ஆலோசனைக் குழு ஒன்று இயங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 30,000 யோசனைகள் வருவதாகவும், அவற்றில் ஏறத்தாழ 25 மட்டுமே பரிந்துரைக்கப்படுவதாகவும் அஞ்சல் துறையே சொல்லியிருக்கிறது. குழு பரிந்துரைத்தாலும் இறுதி ஒப்புதல் அந்நாட்டு அஞ்சல் துறைத் தலைவரான போஸ்ட்மாஸ்டர் ஜெனரலுடையது. ஜெர்மனியில் தபால்தலையை வெளியிடுவது நிதி அமைச்சகம். அங்கே பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு, ஓவியத்தைத் தேர்ந்தெடுக்க வேறொரு குழு. பிரிட்டனில் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில் தேர்ந்தெடுத்த வடிவமைப்பு அரச ஒப்புதலுக்குப் போகும். இந்தியாவிலும் இதற்கென ஆலோசனைக் குழு உண்டு. முகவரியைத் தேடும்போது ‘தபால்தலை ஆலோசனைக் குழு’, ‘வெளியீட்டுக் கொள்கை’ என்ற சொற்களை வைத்துத் தேடுங்கள். கொள்கை ஆவணம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த ஆவணத்தை வரி விடாமல் படியுங்கள். நல்ல யோசனைகள் பல தகுதி விதியிலேயே விழுந்துவிடுகின்றன. அமெரிக்க விதிப்படி ஒருவர் இறந்து மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். வரலாற்று நிகழ்ச்சி என்றால் 50, 100, 150 என ஐம்பதின் மடங்காக வரும் ஆண்டு நிறைவுகளையே கருதுவார்கள். வணிக நிறுவனங்கள், அரசியல் அமைப்புகள், மத நிறுவனங்கள் ஆகியவற்றைக் கௌரவிப்பதில்லை. உயிரோடு இருப்பவர்கள் கூடாது என்ற வழக்கம் வேறு பல நாடுகளிலும் இருக்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. சமூக சீர்திருத்தவாதி தோண்டோ கேசவ் கார்வே நூறாவது வயதை எட்டிய 1958இல் இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது, பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவுக்கு 1960இல் வெளியிட்டது. ஆனால் விதிவிலக்கை நம்பி முன்மொழிவு எழுதாதீர்கள். உங்கள் பொருள் விதிக்குள் நிற்கிறது என்பதை முதல் பத்தியிலேயே காட்டிவிடுங்கள்.

நாடுகளுக்கு இடையிலான அஞ்சலை ஒழுங்குபடுத்தும் உலக அஞ்சல் ஒன்றியத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1874இல் தொடங்கிய இந்த அமைப்பின் ஒப்பந்தம், தபால்தலையின் பொருள் அந்த நாட்டின் பண்பாட்டு அடையாளத்தோடு நெருங்கியதாகவோ, பண்பாட்டையும் அமைதியையும் வளர்ப்பதாகவோ இருக்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டவரை நினைவுகூர்ந்தால் அவருக்கும் வெளியிடும் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும். அரசியல் சார்பு இருக்கக் கூடாது, எந்த மனிதரையும் நாட்டையும் புண்படுத்தக் கூடாது. இது ஏட்டில் மட்டும் உள்ள அக்கறை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டுக்காக அணுகுண்டுப் புகைமண்டலத்தைக் காட்டும் தபால்தலையை அமெரிக்கா திட்டமிட்டபோது ஜப்பான் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தப் படம் கைவிடப்பட்டு, அதற்குப் பதிலாக, போர் முடிந்தபோது அமெரிக்க அதிபராக இருந்த ட்ரூமனின் படம் வந்தது. 1937இல் நிகரகுவா வெளியிட்ட வரைபடத் தபால்தலை ஹோண்டுராஸுடன் இருந்த எல்லைத் தகராறையே மூட்டிவிட்டது. உங்கள் யோசனையில் வரைபடம், கொடி, போர் இருந்தால் பக்கத்து நாட்டுக்காரர் கண்ணோடும் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் தேதி. இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். பிறந்த நூற்றாண்டு, நிறுவிய ஆண்டு, கண்டுபிடிப்பின் ஐம்பதாம் ஆண்டு என்று ஏதாவது ஒன்று வேண்டும். அதுவும் போதிய காலம் தள்ளி வர வேண்டும். அமெரிக்கக் குழு குறைந்தது மூன்று ஆண்டுகள் முன்னதாக எழுதச் சொல்கிறது. பரிசீலனை, ஓவியம், உரிமை, அச்சு எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும் என்பதால்தான் இந்த அவகாசம். நூற்றாண்டு விழாக் குழு அமைத்த பிறகு தபால்தலையைப் பற்றி யோசித்தால் காலம் கடந்திருக்கும். விழாவுக்கு முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

இப்போது கடிதம். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யார் அல்லது எது, எந்தத் தேதி, இந்த நாட்டு மக்கள் எல்லாருக்கும் இது ஏன் முக்கியம் ஆகிய மூன்றும் முதல் அரைப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். மூன்றாவதுதான் கடினமானது. ‘மாபெரும் மேதை’, ‘ஈடு இணையற்றவர்’ என்று எழுதினால் குழு எதையும் எடைபோட முடியாது. அவர் கண்டுபிடித்த முறையை இன்றும் யார் பயன்படுத்துகிறார்கள், அவர் போட்ட வழக்கு எந்தச் சட்டத்தை மாற்றியது, அவர் தொகுத்த அகராதியை எத்தனை தலைமுறை புரட்டியது என்று எழுதுங்கள். உறவினர்கள் எழுதும் வரைவில் விருதுப் பட்டியலே பக்கத்தை நிரப்பிவிடும். அதை இணைப்பில் போட்டுவிட்டு, அவர் செய்த வேலையை முன்னால் கொண்டுவரச் சொல்வேன். ஆயிரம் பேர் கையெழுத்து வாங்கி அனுப்புவதைவிட, அந்தத் துறை தெரிந்த ஒருவரின் தெளிவான ஆதரவுக் கடிதம் நல்லது என்பது என் கருத்து.

ஒவ்வொரு தேதிக்கும் பெயருக்கும் ஆதாரம் இணையுங்கள். அச்சான பிழையைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. 1956இல் கிழக்கு ஜெர்மனி இசைக்கலைஞர் ஷூமனுக்குத் தபால்தலை வெளியிட்டது. அவர் படத்துக்குப் பின்னால் அச்சிட்டிருந்த இசைக்குறிப்பு வேறொரு இசையமைப்பாளரான ஷூபர்ட்டுடையது. திருத்தி மறுபடி வெளியிட வேண்டியதாயிற்று. 1994இல் அமெரிக்காவில் பில் பிக்கெட் என்ற ரோடியோ (குதிரை, காளை அடக்கும் விளையாட்டு) வீரரின் பெயரில் அச்சானது அவர் சகோதரரின் உருவம். நீங்கள் அனுப்பும் புகைப்படத்தில் இருப்பது அவர்தான் என்பதை இரண்டு வழிகளில் உறுதி செய்யுங்கள்.

புகைப்படத்தின் உரிமையையும் கேட்டு எழுதிவையுங்கள். ஜெர்மனியில் 2001ஆம் ஆண்டுக்காக நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் தபால்தலை 1.4 கோடி அச்சிடப்பட்டது. சிகரெட் பிடிக்கும் படம் என்பதால் அவர் மகன் அனுமதி மறுத்தார். அத்தனையும் அழிக்கப்பட்டன, தப்பிய சில பிரதிகள் ஏலத்துக்கு வந்தன. அமெரிக்காவிலோ சுதந்திர தேவி சிலை என்று நினைத்துத் தபால்தலைக்குத் தேர்ந்தெடுத்த படம் லாஸ் வேகஸில் உள்ள நகல் சிலையுடையது. அதைச் செதுக்கிய சிற்பி தொடுத்த வழக்கில் 2018இல் சுமார் 35 லட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்பானது. குடும்பத்தாரின் சம்மதமும், படம் எடுத்தவரின் பெயரும், யாரிடம் உரிமை இருக்கிறது என்ற ஒரு வரியும் உங்கள் கோப்பில் இருந்தால் குழுவின் பெரிய தலைவலி ஒன்று குறைகிறது.

ஓவியம் வரைந்து அனுப்பலாமா என்று கேட்பார்கள். கேட்டிருந்தால் ஒழிய வேண்டாம். வடிவமைப்பை அஞ்சல் துறையே கலைஞர்களைக் கொண்டு செய்துகொள்ளும். பொதுமக்களுக்கு அதில் இடம் கிடைப்பது அபூர்வம். பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு இளவயதுப் படமா, பிந்தைய படமா என்று 1992இல் அமெரிக்கா வாக்கெடுப்பு நடத்தியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களிக்க, இளவயதுப் படம் ஜெயித்து 1993 ஜனவரியில் வெளிவந்தது. உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது இதுதான்: கையில் உள்ள படத்தைக் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பாருங்கள். முகம் தெரிந்தால் அனுப்புங்கள். கூட்டப் புகைப்படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்பவர் அந்த அளவில் புள்ளியாகிவிடுவார்.

அனுப்பிய கடிதத்தின் நகலையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். பல நாடுகளில் காரணம் சொல்லாமலே மறுப்பு வரும். விதியில் மறுபடி எழுத எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கும், அதைப் பாருங்கள். அமெரிக்காவில் மூன்று ஆண்டுகள். அடுத்த பொருத்தமான நிறைவு ஆண்டைக் குறித்துக்கொண்டு, அதுவரை புதிதாகக் கிடைக்கும் ஆதாரங்களைக் கோப்பில் சேருங்கள். இடையில் உங்கள் விழா வந்துவிட்டால், அன்றைக்கு மட்டும் குத்தும் சிறப்பு முத்திரை உங்கள் நாட்டு அஞ்சல் துறையில் உண்டா என்று விசாரியுங்கள். அதற்கான நடைமுறை தபால்தலையைவிட எளிது, காத்திருக்க வேண்டிய காலமும் குறைவு.