மார்பகப் பயாப்சியில் ஈ-கேடரின் ஸ்டெயின்: போடுவதும் படிப்பதும்

மார்பகப் புற்றுநோயில் ஈ-கேடரின் ஸ்டெயின் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகத்துக்காகத்தான்: இது டக்டல் (பால்குழாய்) வகையா, லோபுலார் (பால்சுரப்பி நுண்மடல்) வகையா? பரவுமா, பரவாதா என்று இந்த ஸ்டெயினைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஈ-கேடரின், அடுத்தடுத்த எபிதீலிய செல்களைக் கால்சியத்தின் துணையோடு பிணைக்கும் புரதம். செல்லுக்குள் இருக்கும் அதன் வாலில் பீட்டா-கேட்டனினும் பி120 கேட்டனினும் ஒட்டியிருக்கும். 16ஆம் குரோமோசோமில் உள்ள சிடிஹெச்1 மரபணு செயலிழந்தால் பிணைப்பு அறுந்து, செல்கள் ஒற்றை வரிசையாக நார்த்திசுவுக்குள் ஊடுருவும். லோபுலார் புற்று கைக்கும் தட்டுப்படாமல், மேமோகிராமிலும் தெரியாமல் போவது இதனால்தான்.

ஸ்டெயின் கெட்டுப்போவது பெரும்பாலும் ஸ்டெயின் மேசைக்கு வருவதற்கு முன்பே. திசுவை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். பெரிய மாஸ்டெக்டமி (மார்பகம் முழுவதையும் அகற்றிய) மாதிரியை வெட்டாமல் அப்படியே மூழ்கடித்தால் ஃபார்மலின் நடுப்பகுதியை எட்டாது. பிறகு ஓரத்தில் நன்றாக நிறமேறி நடுவில் வெளிறிய ஸ்லைடைப் பார்த்து, 'ஈ-கேடரின் பாதி போய்விட்டது' என்று எழுதிவிடுவார்கள்.

3 முதல் 4 மைக்ரான் தடிமனில் வெட்டி, சார்ஜ்டு ஸ்லைடில் ஏற்றி, 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். மார்பகத் திசுவில் கொழுப்பு அதிகம். இந்த ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் அடுத்து வரும் சூட்டில் செக்‌ஷன் பிய்ந்து மிதக்கும். சைலீன், ஆல்கஹால் வரிசையில் பாரஃபினை நீக்கித் தண்ணீருக்குக் கொண்டுவந்தபின் ஆன்டிஜென் மீட்பு, அதாவது ஃபார்மலின் மறைத்த புரதத்தை ஆன்டிபாடி பிடிக்கும்படி மீண்டும் வெளிக்கொணர்வது: பிஹெச் 9 டிரிஸ்-ஈடிடிஏ, 95 முதல் 98 டிகிரியில் 20 நிமிடம், பிறகு அதே திரவத்திலேயே 20 நிமிடம் ஆற விடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தூக்கினால் செக்‌ஷன் கழன்றுவிடும். பிஹெச் 6 சிட்ரேட்டில் சில குளோன்கள் (ஆன்டிபாடி ரகங்கள்) மங்கலாகவே வரும்.

3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம், முதல் ஆன்டிபாடி அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம், எச்ஆர்பி என்ற நொதி ஏற்றிய பாலிமர் 30 நிமிடம், பழுப்பு நிறம் தரும் டிஏபி 5 நிமிடம், உட்கருவுக்கு நீலம் தர லேசாக ஹீமடாக்சிலின். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே ட்வீன் கலந்த டிபிஎஸ் (டிரிஸ் உப்புக் கரைசல்) கழுவல். என்சிஹெச்-38, 36 ஆகியவை பரவலாகப் பயன்படும் குளோன்கள். நீர்த்துப் பயன்படுத்த வேண்டிய செறிவான ஆன்டிபாடியாக இருந்தால் 1:50இல் தொடங்கி, உங்கள் பிளாக்குகளிலேயே சோதித்து நிர்ணயியுங்கள். எந்தக் கட்டத்திலும் ஸ்லைடு காயக்கூடாது; காய்ந்தால் விளிம்பில் பொய்யான பழுப்பு ஏறும். டிஏபியைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

படிக்கும்போது கட்டியை விட்டுவிட்டு முதலில் அதே ஸ்லைடில் உள்ள இயல்பான பால்குழாயைத் தேடுங்கள். அதன் உள்வரிசை செல்களில் சவ்வு முழுக்க அடர்பழுப்பாக இருக்க வேண்டும். அது வெளிறியிருந்தால் கட்டியைப் பற்றி எதுவும் எழுதாமல் ஸ்டெயினை மறுபடி போடுங்கள்.

டக்டல் புற்றில் சவ்வு நிறம் தெளிவாகத் தொடரும். உயர்தரக் கட்டியில் அது குறைந்து திட்டுத்திட்டாக நிற்பதுண்டு. அந்தக் குறைவை மட்டும் வைத்து லோபுலார் என்று மாற்றிவிடாதீர்கள். லோபுலாரில் வழக்கமாக நிறம் அறவே இருக்காது. இரண்டு இடங்களில் கண் ஏமாறும். ஒன்று, லோபுலார் இன்-சிட்டுவின் (இன்னும் ஊடுருவாத நிலை) இடையே சிக்கியிருக்கும் மயோஎபிதீலிய செல்கள், அதாவது குழாயின் வெளிவரிசைச் செல்கள். இவை நிறமேறுவதால் கட்டியே பாசிட்டிவ் போலத் தெரியும். இன்னொன்று, ஊடுருவும் புற்றுக்கு நடுவே அகப்பட்ட இயல்பான குழாய்கள்.

லோபுலார் புற்றுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று ஈ-கேடரினைக் காட்டவே செய்யும்: துண்டு துண்டான சவ்வுக் கோடு, புள்ளிகள், அல்லது சைட்டோபிளாசத்தில் கலங்கல். புரதம் இருக்கிறது, ஆனால் பிணைக்கும் வேலையைச் செய்யவில்லை. இங்கே பி120 கைகொடுக்கும். டக்டலில் அது சவ்வில் நிற்கும். லோபுலாரில் சைட்டோபிளாசம் முழுக்கப் பரவும். பீட்டா-கேட்டனின் சவ்விலிருந்து மறைந்திருந்தால் சந்தேகம் இன்னும் தீரும். ஹெச்-அண்ட்-ஈ (வழக்கமான அடிப்படை ஸ்டெயின்) ஸ்லைடில் வடிவம் அச்சு அசலாக லோபுலாராக இருக்கும்போது, பாசிட்டிவ் ஸ்டெயினுக்காக அதை டக்டல் என்று திருத்த வேண்டியதில்லை.

பரவல் பற்றிய பழைய பாடம், ஈ-கேடரின் போனால் செல் தப்பி ஓடும் என்பது. அது பாதி உண்மைதான். மிக வேகமாகப் பரவும் அழற்சி மார்பகப் புற்றில் ஈ-கேடரின் ஏராளம். நிணக்குழாய்க்குள் செல்கள் கொத்தாகவே நகர்கின்றன. ஊடுருவும் டக்டல் புற்றைப் போன்ற மாதிரிகளில், ஈ-கேடரினை நீக்கினால் ஊடுருவல் கூடினாலும் தொலைபரவல் குறைகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்குழு 2019இல் காட்டியது; தனித்துவிடப்பட்ட செல்கள் பிழைக்கவில்லை. ஆகவே ரிப்போர்ட்டில் 'ஈ-கேடரின் இழப்பு, பரவும் அபாயம் அதிகம்' என்று எழுதாதீர்கள். அபாயத்தைச் சொல்ல நிலை, தரம், நிணக்கணு, ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), ஹெர்2 புரதம் எல்லாம் இருக்கின்றன.

லோபுலார் புற்று வயிறு, குடல், பெரிட்டோனியம், சினைப்பை என்று வழக்கத்துக்கு மாறான இடங்களுக்குப் போகும். வயிற்றுப் பயாப்சியில் சிக்னெட் ரிங் (உட்கரு ஓரம் தள்ளப்பட்டு முத்திரை மோதிரம் போலத் தெரியும்) போன்ற தனிச் செல்களைக் கண்டால் ஈ-கேடரின் உதவாது. பரவுவகை இரைப்பைப் புற்றும் அதை இழக்கும். மார்பக மூலத்தைக் காட்டும் ஈஆர், கேட்டா3 ஸ்டெயின்கள் இரண்டும் போடுங்கள். அதற்கும் முன்னால், கோரிக்கைப் படிவத்தில் மார்பக அறுவை பற்றிய குறிப்பு இல்லையென்றால் வார்டுக்கு ஒரு போன் செய்து கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த மார்பகத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.